இரண்டு இடது காலும் ஒரு தபால் செலவும்

இணையத்தில் வாங்கிய பொருள் பழுதாக வந்தால் திருப்பி அனுப்பலாம். அனுப்ப ஆன தபால் செலவையும் விற்றவரே தர வேண்டும். இது சட்டம். இதைப் படித்துவிட்டு யாரும் அப்படியே நம்பிவிடக் கூடாதே என்றுதான் திருப்பியனுப்பல் தபால்செலவு மீட்பு ஆணையம் என்ற ஒன்றை ஏற்படுத்தியிருக்கிறார்கள் போலும். ஆணையத்தைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. குறை சொல்ல அங்கேயே தனிப் பிரிவு இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திறப்பார்கள், திறந்தால். எங்கள் தெரு ஃபேன்காரர் அதற்குள் போய்விட்டு வந்த கதையை மட்டும் சொல்கிறேன். பாதி அவரே சொன்னது. மீதியை ஆணையத்தின் ஒலிபெருக்கி ஊருக்கே சொன்னது.

ஃபேன்காரர் கூரையில் தொங்குகிற மின்விசிறிகளைப் பழுது பார்ப்பவர். ஆள் குள்ளம். ஏதோ கொஞ்சம் என்றில்லை, நன்றாகவே குள்ளம். தொழிலில் அது ஒரு குறையாக இருந்ததில்லை. கூரை ஃபேன் யாருக்குமே எட்டாது. எல்லா மெக்கானிக்கும் ஏணி போட்டுத்தான் ஏற வேண்டும். ஏணியை விட்டு இறங்கிய பிறகுதான் அவருக்குச் சங்கடமே. மனைவி நல்ல உயரம். பக்கத்துக் கடைத்தெரு பேக்கரியில் பில் போடுகிறவள். இரண்டு பேரும் ஜோடியாக நடந்து போனால் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். அவர் காதில் விழாத மாதிரியே போய்க்கொண்டிருப்பார்.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான அன்று இரண்டு குடும்பமும் சேர்ந்து நின்று போட்டோ எடுத்தார்கள். சம்பந்தி வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு மின்கம்பம் மாதிரி இருந்தார்கள். போட்டோ எடுக்க வந்த பையன் கேமராவுக்குள் பார்த்துவிட்டு, "அங்கிள், உங்க தலை மட்டும் உள்ள வரமாட்டேங்குது. அந்தா கிடக்கு பாருங்க செங்கல், அதை எடுத்துப் போட்டு மேல ஏறிக்கங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது ஃபேன்காரர்தான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு வெகு நேரம் ஷூவைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். கல்யாணத்தன்று மறுபடியும் இதே போட்டோ, இதே செங்கல். அந்த நினைப்பே அவரைத் தின்றது.

அடுத்த வாரம் ஒரு வீட்டில் ஏணி மேல் உட்கார்ந்தபடி போனில் தேடினார். ஏணி மேல் இருப்பவன் போனை யாரும் எட்டிப் பார்க்க முடியாது. தேடியது கிடைத்தது. வெளியே பார்த்தால் சாதாரண ஷூ. உள்ளே குதிகாலுக்கு அடியில் ஒரு மேடு வைத்துத் தைத்திருக்கிறார்கள். போட்டுக்கொண்டால் ஆள் உயர்ந்துவிடுவார், எப்படி என்று யாருக்கும் தெரியாது. மனைவிக்குக்கூடத் தெரியாது. அவருக்கு முக்கியமே அதுதான். தெரு சிரிப்பதை அவரால் தாங்க முடியும். ஆனால் இத்தனை வருடமும் தன் பக்கத்தில் நிற்கப் புருஷன் கூச்சப்பட்டிருக்கிறான் என்பது மனைவிக்குத் தெரிந்தால் அவள் முகத்தில் எப்படி முழிப்பது என்று நினைத்துத்தான் பயந்தார்.

பார்சல் கடை முகவரிக்கு வந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பிரித்தார். இடது காலுக்கு ஒன்று. இன்னொன்றும் இடது காலுக்கு. ஒருவேளை தனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லையோ என்று இரண்டையும் போட்டுக்கொண்டு கடைக்குள் நடந்தார். நேராகப் போக நினைத்தால் சுவரில் போய் முட்டினார். வேறு வழியில்லாமல் மறுநாளே தன் கைக்காசு போட்டுத் தபாலில் திருப்பி அனுப்பினார்.

ஷூவின் விலை திரும்பி வந்துவிட்டது. கூடவே ஆணையத்திடமிருந்து போனில் ஒரு கேள்வி வந்தது. 'தபால் செலவைத் திரும்பப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. பெற விருப்பமா?' அவர் 'ஆம்' என்பதை அமுக்கி, காரணம் கேட்ட இடத்தில் பழுது, ரெண்டும் இடது கால் என்று எழுதினார். நீங்களாக இருந்தாலும் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். மாட்டிக்கொண்டது அங்கேதான்.

ஆணையம் எதையும் உறைக்குள் போட்டு அனுப்பாது. வெளிப்படைத்தன்மை அதன் கொள்கை. அதனால் கடைக்கு ஒரு திறந்த அட்டை வந்தது. தபால்காரர் அதைக் கொடுப்பதற்கு முன்பே படித்துவிட்டிருந்தார்.

"உயரம் கூட்டும் காலணி தொடர்பாகன்னு போட்டிருக்கு. நேர்ல வரச் சொல்றாங்க" என்றார். பிறகு ஃபேன்காரரைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு பார்வை பார்த்தார். "நல்லதுதான் சார். தப்பே இல்லை" என்று ஆறுதல் வேறு சொல்லிவிட்டுப் போனார். ஃபேன்காரருக்குக் காது மடல் சுட்டது. காசும் வேண்டாம், உரிமையும் வேண்டாம், ஆளை விட்டால் போதும் என்று அன்றைக்கே ஆணையத்துக்குக் கிளம்பினார்.

கட்டடம் பிரமாதமாக இருந்தது. வாசலில் பளிங்குப் படிகள். உள்ளே நீண்ட கூடம். கூடம் நிறையப் பெஞ்சுகள். பெஞ்சு நிறைய ஜனங்கள். ஒவ்வொருவர் மடியிலும் பிரித்து ஒட்டிய ஒரு பெட்டி. கவுன்ட்டரில் கண்ணாடித் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் மைக்கில் பேசினாள். அவள் பேசுவது கூடம் முழுக்கக் கேட்டது.

ஃபேன்காரர் குரலைத் தாழ்த்தி, "அம்மா, எனக்கு அந்தத் தபால் காசு வேண்டாம்மா. கேஸை விட்டுட்டாப் போதும்" என்றார்.

"வேண்டாமா? மனசு மாறிட்டீங்களா?" என்றது ஒலிபெருக்கி.

"ஆமாம்மா."

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். "சார், யோசிச்சுப் பேசுங்க. பொருள் பழுதா இருந்து திருப்பினா தபால் செலவு விக்கிறவங்களோடது. மனசு மாறித் திருப்பினா உங்களோடது. நீங்க பழுதுன்னு மனு போட்டிருக்கீங்க. இப்ப மனசு மாறுற ஆளுன்னு உங்க வாயாலயே சொல்றீங்க. அப்ப ஷூவையும் மனசு மாறித்தான் அனுப்பியிருப்பீங்க. அது பொய் மனு. பொய் மனுவுக்கு வேற கட்டடம், வேற மாதிரி கவனிப்பாங்க."

ஃபேன்காரர் கண்ணாடித் தடுப்பை ஒட்டி நெருங்கினார். "அப்ப மாறலைம்மா."

"நல்லது. மாறலைன்னு நிரூபிச்சுடுங்க." மனுவைப் புரட்டினாள். "ரெண்டும் இடது கால்னு எழுதியிருக்கீங்க. இதுல எது பழுது?"

"ரெண்டுமே இடதும்மா."

"காது கேக்குது சார். மனுஷனுக்கு ஒரு இடது கால் இருக்கா? அதுக்கு ஒரு இடது ஷூ வேணுமா? அது வந்திருக்கு. ஆக அது சரியான ஷூ. இன்னொண்ணுதான் தப்பு. தப்பான ஷூவுக்கு மட்டும்தான் தபால் செலவு உண்டு. சரியான ஷூவை என்னத்துக்குத் திருப்பி அனுப்பினீங்க?"

"ஒத்தை ஷூவை வச்சுக்கிட்டு நான் என்னம்மா செய்யறது?"

"அது பயன்பாட்டுப் பிரிவு. மாடி. அதுக்கு முன்னாடி மனவுறுதிப் பிரிவுக்குப் போயிட்டு வந்துடுங்க." குனிந்து மனுவை இன்னொரு முறை படித்தாள். "உயரம் கூட்டுறதுன்னா... உங்களுக்கா?" என்று கேட்டாள். குரலில் கேலி எதுவும் இல்லை. விவரம் சரிபார்க்கிறாள், அவ்வளவுதான். ஆனால் பெஞ்சில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தரை பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது அவருக்கு.

மனவுறுதி அலுவலர் சின்ன வயசுக்காரர். தேய்த்த சட்டை, தேய்த்த பேச்சு. ஃபேன்காரரை உட்கார வைத்து, "பயப்படாதீங்க சார். உங்க மனசு மாறுற மனசா, மாறாத மனசான்னு சும்மா ஒரு பார்வை. டீ சாப்பிடறீங்களா, காபியா?" என்று கேட்டார்.

"டீ சார்."

"சின்ன வயசுல என்னவா ஆகணும்னு ஆசைப்பட்டீங்க?"

"விமானம் ஓட்டணும்னு."

"இப்ப என்ன செய்யறீங்க?"

"ஃபேன் ரிப்பேர்."

"மாறியிருக்கு" என்று குறித்துக்கொண்டார் அலுவலர். "கல்யாணத்துக்கு முன்னாடி மனசுல வேற யாராவது?"

"சார், அதுக்கும் ஷூவுக்கும் என்ன சார்?"

"பதில் சொல்ல மறுப்பு" என்று அதையும் குறித்துக்கொண்டார். அப்போது பியூன் ஒரு டம்ளரைக் கொண்டுவந்து வைத்தான். அது காபி. ஃபேன்காரர் ஒன்றும் சொல்லாமல் எடுத்து ஒரு வாய் குடித்தார். கொடுத்ததைக் குடிப்பதுதான் மரியாதை என்று வளர்ந்தவர் அவர். அலுவலர் பேனாவை மூடிவிட்டு அவரை வருத்தத்தோடு பார்த்தார்.

"டீ கேட்டீங்க. காபியைக் குடிக்கிறீங்க."

"அவர் அதைத்தானே சார் கொண்டாந்தாரு?"

"திருப்பி அனுப்பியிருக்கலாமே? கேட்டது வேற, வந்தது வேற. இங்கே வாயைத் திறக்காம குடிச்சுட்டீங்க. அங்கே ஷூவை மட்டும் திருப்பி அனுப்பியிருக்கீங்க. அப்ப ஷூவுல வேற ஏதோ காரணம் இருக்கணும். நான் சந்தேகத்துக்கு இடம் உண்டுன்னு போடறேன். பயன்பாட்டுப் பிரிவுல தெளிவா சொல்லிடுங்க, ஒண்ணும் ஆகாது."

பயன்பாட்டுப் பிரிவில் ஒரு பெரிய திரை இருந்தது. மனுதாரர் சொல்வதை அதிகாரி தட்டத் தட்ட, எழுத்து எழுத்தாக அந்தத் திரையில் வரும். அதேதான் கீழே கூடத்துத் திரையிலும் வரும். பொதுமக்கள் வரிப்பணத்தில் நடக்கிற விசாரணை பொதுமக்களுக்குத் தெரிய வேண்டாமா? அதிகாரி கனத்த உடம்புக்காரர். சாய்ந்து உட்கார்ந்து கேட்டார்.

"எதுக்காக வாங்கினீங்க?"

"நடக்கத்தான் சார்."

"நடக்கறதுக்கு எந்த ஷூவும் போதுமே. இதோட விளம்பரத்தைப் படிக்கிறேன், கேளுங்க." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ராகம் போட்டுப் படித்தார். "'யாருக்கும் தெரியாமல் உயருங்கள். உங்கள் ரகசியம் எங்களோடு பத்திரமாக இருக்கும்.' பொருளோட நோக்கம் உயரம். அந்த நோக்கம் நிறைவேறலைன்னாதான் அது பழுது. எவ்வளவு உயரம் உங்களுக்குத் தேவைப்பட்டுச்சு?"

ஃபேன்காரர் தரையைப் பார்த்தார். "மகள் கல்யாணம் வருது சார். போட்டோவுக்கு நிக்கணும்."

"யார் உயரத்துக்குச் சமமா நிக்கணும்?"

 திரையில் 'யார் உயரத்துக்கு' என்ற கேள்விக்குப் பிறகு ஒரு கோடு மட்டும் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. கடைசியில் அது மின்னுவதைத் தாங்க முடியாமல்தான் சொன்னார்.

"வீட்டுக்காரி உயரத்துக்கு."

"மனைவி" என்று தட்டினார் அதிகாரி. "அப்ப ஒப்பீட்டுக்கு அந்த அம்மாவை வரவழைச்சுடலாம்."

ஃபேன்காரர் எழுந்தே விட்டார். கை கூப்பினார். "சார், சார், அது மட்டும் வேண்டாம் சார். அவளுக்கு இது தெரியவே கூடாது. அவ பக்கத்துல நிக்கறதுக்கு இத்தனை வருஷமா நான் கூச்சப்பட்டிருக்கேன்னு நினைச்சுக்குவா."

"கூச்சப்பட்டீங்களா?"

அவர் கூப்பிய கையை இறக்கினார். 

"ஆம்னு போடட்டுமா, இல்லைன்னு போடட்டுமா? இல்லைன்னா ஷூவுக்கு நோக்கமே கிடையாது. நோக்கமில்லாத பொருள்ல பழுது எங்கேருந்து வரும்? மனு பொய் ஆயிடும்."

"போடுங்க சார்" என்றார் ஃபேன்காரர். 'மனுதாரர் தம் மனைவியின் பக்கத்தில் நிற்கக் கூச்சப்பட்டார்: ஆம்' என்று திரையில் வந்தது. படியிறங்கிக் கூடத்துக்கு வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. மடியில் பெட்டி வைத்திருந்த ஒரு பெண் சற்று நகர்ந்து அவருக்கு உட்கார இடம் கொடுத்தாள். அந்த இரக்கத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. நிற்காமல் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிட்டார்.

வரப்போகும் அட்டையை எப்படியாவது மறித்துவிடலாம் என்று வீட்டு வாசலில் காத்திருந்து பார்த்தார். தபால்காரர் ஒரு நாளும் எதையும் நீட்டவில்லை. ஆணையம் அட்டையைப் பேக்கரிக்கு அனுப்பியிருந்தது. ஒப்பீட்டு நபரை அவர் வேலை செய்யும் இடத்தில்தான் அழைக்க வேண்டும் என்று விதி இருக்கிறதாம். எந்த மகானுபாவர் எழுதிய விதியோ தெரியாது.

அன்று மாலை மனைவி கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது என்னங்க? பேக்கரி ஓனர் படிச்சுட்டுக் குடுத்தாரு."

'மனுதாரரைவிட உயரமான உறவினர் என்ற முறையில்' என்று தொடங்கியது அட்டை. ஃபேன்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அது... வேற யாருக்கோ வர வேண்டியது. பேர் மாறி வந்திருக்கும்" என்றார்.

"உங்க கடை முகவரி போட்டிருக்கே."

"ஃபேன் சம்பந்தமா ஏதோ..."

 அவள் அட்டையை எடுத்துத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "விசாரணை அன்னிக்கு லீவு போட்டுட்டேன். நானும் வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அவள் திட்டியிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சாப்பிடும்போது இரண்டு பேரும் மகளின் கல்யாணப் பாத்திரங்களைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள்.

விசாரணை நாளன்று கூடம் நிரம்பி வழிந்தது. தீர்ப்பு வரைக்கும் வந்த மனு என்பதால் மற்ற பிரிவு ஊழியர்களும் பார்க்க வந்திருந்தார்கள். தலைவர் மேடை மீது உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விற்ற கம்பெனியின் சார்பில் ஓர் இளம்பெண் திரையில் தோன்றிச் சிரித்தாள். ஃபேன்காரர் மனைவியின் பக்கம் திரும்பாமல் முன்னால் இருந்தவரின் சட்டைக் காலரைப் பார்த்தபடி இருந்தார்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"பெரியோர்களே, இந்த ஆணையம் மக்களுக்காக இருக்கு. மக்களோட ஒரு காசுகூட வீணாகக் கூடாதுன்னுதான் அதை மக்கள் கையில கொடுக்கறதுக்கு நாங்க இவ்வளவு யோசிக்கிறோம். நான் பொறுப்பேத்ததுக்கு அப்புறம் இங்கே தோத்துப்போன நுகர்வோர் ஒருத்தர்கூடக் கிடையாது. இதைப் பெருமையா சொல்லிக்கிறேன். தீர்ப்பு வரைக்கும் யாராவது வந்தாத்தானே தோக்கறதுக்கு?" கைத்தட்டல் எழுந்தது. அவர் கையமர்த்தினார். "இந்தக் கட்டடத்துக்கு ஆன செலவுல நாட்டுல எல்லாருக்கும் தபால் செலவைச் சும்மாவே கொடுத்திருக்கலாம்னு சில பேர் கணக்குப் போட்டுச் சொல்றாங்க. கொடுத்திருக்கலாம். நான் மறுக்கலை. ஆனா கேட்ட உடனே கொடுத்துட்டா அது உரிமைன்னு யாருக்குத் தெரியும்? இனாம்னு நினைச்சுக்குவாங்க."

அடுத்துத் திரையில் இருந்த பெண் பேசினாள். குரலில் தேன் வழிந்தது. "எங்களுக்கு வாடிக்கையாளர்தான் சார் தெய்வம். தெய்வத்துக்கு எதுக்கு சார் தபால் செலவு? அப்புறம், வலது கால் ஷூ ரெண்டும் வேற ஒரு வாடிக்கையாளருக்குப் போயிருக்கு. அவர் இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. அவ்வளவு நல்ல மனுஷன்."

அவரும் எங்கேயோ ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பார் என்று ஃபேன்காரர் நினைத்துக்கொண்டார். வாயைத் திறக்காதவர், புத்திசாலி.

"அளவு எடுக்கலாம்" என்றார் தலைவர்.

மேடைக்குப் பக்கத்துச் சுவரில் உயரம் பார்க்கும் கோடுகள் போட்டிருந்தார்கள். முதலில் ஃபேன்காரரைச் செருப்பைக் கழற்றச் சொல்லி நிறுத்தினார்கள். அளவை ஒலிபெருக்கி அறிவித்தது. பின் வரிசையில் யாரோ 'ச்சொ' கொட்டினார்கள். பிறகு மனைவியைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து போய்ச் சுவரோரம் நின்றாள்.

அளவெடுக்கும் ஊழியர் கட்டையை அவள் தலைமேல் வைக்கப் போனவர் நிறுத்தினார். "அம்மா, நிமிர்ந்து நில்லுங்க."

"நிமிர்ந்துதான் நிக்கறேன்."

"இல்லைம்மா. தோள் முன்னாடி வந்திருக்கு. முட்டியும் மடங்கியிருக்கு. கழுத்தை உள்ள இழுத்துக்கிட்டிருக்கீங்க."

"நான் எப்பவும் இப்படித்தான் நிப்பேன்."

"எப்பவும் நிக்கறது எங்களுக்கு வேண்டாம்மா. இது அளவு. சரியா நிமிரணும்."

அவள் கணவனைப் பார்த்தாள். இந்த விவகாரம் தொடங்கியதிலிருந்து அவள் அவரை நேராகப் பார்த்தது அப்போதுதான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. எதற்கோ மன்னிப்புக் கேட்பது போலிருந்தது. பிறகு அவள் முட்டியை நிமிர்த்தினாள். முதுகைச் சுவரோடு சேர்த்தாள். தோளைப் பின்னுக்கு இழுத்து, கடைசியில் கழுத்தையும் மெதுவாக உயர்த்தினாள்.

ஃபேன்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். இன்னும் தூக்க வேண்டியிருந்தது. இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் ஒருநாளும் பார்த்திராத ஓர் இடத்தில் அவள் முகம் இருந்தது. அவள் இவ்வளவு உயரம் என்பதே அவருக்குத் தெரியாது. தினமும் படுக்கப் போகும் முன் அவள் கழுத்துக்குத் தைலம் தேய்த்துக்கொள்வாள். நாளெல்லாம் குனிந்து பில் போடுகிற வேலை, அதனால்தான் என்று அவர் நினைத்திருந்தார். அவளிடம் கேட்டதுகூட இல்லை. செங்கல் மேல் ஏறியபோதும், ஊர் பார்க்கத் திரையில் 'ஆம்' என்று வந்தபோதும் பட்ட வெட்கமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று அவருக்கு அப்போது தோன்றியது.

ஒலிபெருக்கி அளவைச் சொன்னது. தலைவர் தாளில் ஏதோ கழித்துப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்து அவரையும் கழிக்கச் சொன்னார்.

"தீர்ப்பு சொல்றேன். ஷூ ரெண்டும் இடது கால்ங்கிறதை ஆணையம் ஏத்துக்குது. ஆனா ஒண்ணு வலதாவே வந்திருந்தாலும் மனுதாரர் இந்த அம்மாவோட உயரத்துக்கு வந்திருக்க முடியாது. இடைவெளி அவ்வளவு. அப்ப நோக்கம் நிறைவேறாததுக்குக் காரணம் பழுது இல்லை. மனைவியோட உயரம் எவ்வளவுன்னே சரியாத் தெரிஞ்சுக்காம வாங்கினதுதான் காரணம். அது வாங்கினவரோட கவனக்குறைவு. கவனக்குறைவுக்குத் தபால் செலவு கிடையாது."

கூடம் கைதட்டியது. தலைவர் பணிவாகத் தலையசைத்தார். அவர் பதவிக்காலத்தில் வெளியான முதல் தீர்ப்பு என்பதால் மேடையில் இருந்தவர்கள் அவரோடு சேர்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

கணவனும் மனைவியும் பளிங்குப் படியில் இறங்கி வந்தார்கள். பின்னாலேயே பியூன் ஓடி வந்து ஓர் அட்டையைக் கொடுத்தான். "சார், எங்க சேவை எப்படி இருந்துச்சுன்னு எழுதி அனுப்பிடுங்க. ஸ்டாம்ப் நீங்கதான் ஒட்டணும்" என்றான். ஃபேன்காரர் அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வாங்காவிட்டால் அதற்கும் ஏதாவது பிரிவு இருக்கும் என்ற பயம்தான்.

தெருவுக்கு வந்ததும் அவள் எப்போதும் போல நடந்தாள். அதாவது அவர் இத்தனை காலமும் எப்போதும் போல என்று நினைத்திருந்த மாதிரி. முட்டி லேசாக மடங்கியிருந்தது. தலை அவர் பக்கமாகத் தாழ்ந்திருந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவர் நின்றுவிட்டார்.

"எப்பலேருந்து இப்படிக் குனிய ஆரம்பிச்சே?"

"எப்பவோ."

"சொல்லு."

அவள் பைக்குள் எதையோ தேடுவது போலச் செய்தாள். "கல்யாணம் ஆன புதுசுல. கடைக்குப் போயிட்டு வந்துகிட்டிருந்தோம். எதிர்ல வந்தவங்க நம்மளைப் பாத்துச் சிரிச்சாங்க. நீங்க விடுவிடுன்னு முன்னாடி நடந்து போயிட்டீங்க. நான் பையைத் தூக்கிட்டுத் தனியா வந்தேன். மறுநாளும் அப்படியே போனீங்க. அப்புறம் ஒருநாள் கொஞ்சம் குனிஞ்சு பாத்தேன். பக்கத்துலயே வந்தீங்க."

அவருக்கு அந்த நாள் ஞாபகம் இல்லை. முன்னால் நடந்தவருக்கு எப்படி இருக்கும்? உயரம் கூட்ட என்னென்னவோ தேடியவருக்கு, பக்கத்தில் நடப்பது ஒன்றைத்தான் அவள் விரும்பினாள் என்று ஒருநாளும் தெரியாமல் போயிற்று. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நடுத்தெருவில் நின்றார். பேருந்துக்குப் போகிறவர்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இரண்டொருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"நிமிந்து நட" என்றார் அவர். "யார் சிரிச்சாலும் நான் பக்கத்துலயே வரேன்."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். பாதியிலேயே பிடரியைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"முடியலைங்க" என்றாள். "வலிக்குது."